பின்வாங்கும் முரசை அடிக்காத பையன்கள்

சென்னைக் கோட்டை முற்றுகையைப் பற்றி எழுதிய எல்லோரும் ராபர்ட் ஓர்மிடம் கடன்பட்டவர்கள். அவருடைய பெரிய போர் வரலாற்றின் இரண்டாம் தொகுதி 1778-ல் லண்டனில் வெளிவந்தது. 1758 டிசம்பர் 14 அன்று கறுப்பர் நகரத் தெருக்களில் நடந்த சண்டையை அதில் நிமிடம் நிமிடமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆங்கிலேயப் படை பின்வாங்க வேண்டிய கட்டம் வருகிறது. அதற்கான முரசு ஒலிக்க வேண்டும். அடிக்க ஆளில்லை. டிரம் தூக்கிவந்தவர்கள் எல்லோரும் கறுப்புப் பையன்கள், தளபதியின் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டியவர்கள், தேவைப்பட்ட நேரத்தில் அவர்கள் கிடைக்கவில்லை என்கிறார் ஓர்ம். அவ்வளவுதான். அடுத்த வரியிலிருந்து மீண்டும் தளபதிகளின் கதை.

யார் அந்தப் பையன்கள்? எந்த ஊர்ப் பிள்ளைகள்? கோட்டைக்குள் எப்படி வந்தார்கள்? அவர்கள் கழுத்தில் டிரம்மை மாட்டியது யார்? ஓர்ம் இதில் எதையும் சொல்லவில்லை. அவருக்குப் பின் வந்த ராணுவ வரலாற்றாசிரியர்கள் பையன்கள் ஓடிப்போன செய்தியை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிச் சாலையில் உள்ள மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, எழும்பூர் கன்னிமாரா, அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று நான் தேடித் திரிந்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் களத்தைப் பார்த்துவிட வேண்டும். பிரெஞ்சுத் தளபதி லாலி, அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போய்க் குடியேறிய ஒருவரின் மகன். 1758 ஜூனில் கடலூர்ப் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கிவிட்டு, டிசம்பரில் சென்னைக்கு வந்தார். வந்த வழி செயின்ட் தாமஸ் மவுண்ட். அங்கிருந்து கோட்டை வரைக்கும் நடுவில் கிடந்த வெட்டவெளிக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் சவுல்ட்ரி பிளெயின். அதன் மேற்கு எல்லையில் நீண்ட ஏரி. 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். இன்றைக்குப் பாண்டி பஜாருக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் நடக்கும் இடம் அன்று தண்ணீர். அதன் கிழக்கே இருந்த வெளியில்தான் ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்சின் படை பிரெஞ்சுக்காரருக்கு முகம் காட்டிவிட்டுக் கோட்டைக்குள் ஒதுங்கியது. சாந்தோம் பிரெஞ்சுக்காரர் வசமானது. டிசம்பர் 14 காலையில் அவர்கள் கறுப்பர் நகரத்துக்குள் புகுந்தார்கள். உயர் நீதிமன்றம் இன்று நிற்கும் வளாகமும் அதைச் சுற்றியுள்ள இடமும்தான் அன்றைய கறுப்பர் நகரம். கோட்டைச் சுவரை ஒட்டி வடக்கே இருந்தது.

உள்ளே புகுந்த படை வீடுகளைச் சூறையாடியது. சாராயம் அகப்பட்டது. சிப்பாய்கள் குடித்துக் கிடக்கிறார்கள் என்ற செய்தி கோட்டைக்கு வந்ததும், கர்னல் வில்லியம் டிரேப்பர் தலைமையில் ஒரு படை வெளியே பாய்ந்தது. டிரேப்பரின் 79-ஆம் ரெஜிமெண்ட் கப்பல் இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. உடன் போனவர்களில் மேஜர் போலியரும் ஒருவர், சுவிட்சர்லாந்துக்காரர். செயின்ட் டேவிட் கோட்டையைச் சரணடையவிட்ட பழி அவர்மேல் கிடந்தது. அதைக் கழுவிக்கொள்ளவே போனார். பட்ட காயத்தில் இறந்தும் போனார். எதிர்ப்பக்கத்தில் கவுண்ட் தெஸ்தேன் கிட்டப்பார்வைக்காரர். ஆங்கிலேய அணியைத் தன் அணி என்று நினைத்துக் குதிரையை நேரே அதற்குள் ஓட்டிவந்து சிறைப்பட்டார். பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சுக் கடற்படையை நடத்திப்போனவர் இவர்தான். 1794-ல் கில்லட்டினில் முடிந்தார். இவர்கள் எல்லோருக்கும் ஓர்ம் பெயர் கொடுக்கிறார். குணம் கொடுக்கிறார். பட்ட காயத்தையும் சொல்கிறார்.

சண்டையின் திருப்பம் ஒரு தெருமுனையில் நடந்தது. பிரெஞ்சுப் பீரங்கிகளைக் கைப்பற்ற டிரேப்பர் முன்னால் பாய்ந்து, என் பின்னால் வாருங்கள் என்று தன் கிரனேடியர்களை அழைத்தார். பீரங்கிகளுக்குப் பொறுப்பான அதிகாரி சரணடையத் தயாராகிவிட்டார். ஆனால் டிரேப்பரைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் நான்கே பேர். அந்த நால்வரில் இருவர் செத்தார்கள், மற்ற இருவரும் காயம்பட்டார்கள். பீரங்கிகள் கைவிட்டுப் போயின. அதன் பிறகுதான் பின்வாங்கும் கட்டளை, அதன் பிறகுதான் முரசுப் பிரச்சினை. ஒரு வளைவுக்குள் ஒதுங்கியிருந்த கிரனேடியர்களுக்குப் படை திரும்புவது தெரியவில்லை. மாட்டிக்கொண்டு சிறைப்பட்டார்கள்.

ஓர்மின் பக்கத்தை இந்த இடத்தில் மெதுவாகப் படிக்க வேண்டும். தளபதி கூப்பிட்டும் வராத பெரிய ஆட்கள் பல பேர். அவர்கள் வெள்ளைக்காரர்கள், சம்பளத்துக்குச் சண்டை போட வந்தவர்கள். வராமல் போனதற்கு அவர்களின் நிறத்தை ஓர்ம் காரணமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் புகுந்து கொள்ளையடித்த சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களின் நிறத்தையும் சொல்லவில்லை. முரசடிக்கும் பிள்ளைகள் என்று வரும்போது மட்டும் கறுப்பு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கையில் ஆயுதமில்லாமல் நின்ற பையன்கள் அவர்கள். கையில் இருந்தது இரண்டு குச்சிகள்.

இனிச் சாட்சியை விசாரிக்க வேண்டும். ஓர்ம் 1728-ல் திருவிதாங்கூர்க் கரையின் அஞ்சுதெங்கில் பிறந்தவர். 1754 முதல் சென்னைக் கவுன்சில் உறுப்பினர். கோட்டையின் ஒவ்வொரு அதிகாரியையும் அறிந்தவர். ஆனால் முற்றுகைக்கு முன்பே, 1758-ன் பிற்பகுதியில், அவர் சென்னையை விட்டுக் கப்பலேறிவிட்டார். அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கடலில் பிடித்தார்கள். லாலியின் பீரங்கிகள் கோட்டையை இடித்துக்கொண்டிருந்த மாதங்களில் ஓர்ம் சென்னையில் இல்லை; மொரீஷியசுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பர் 14 சண்டையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. மற்றவர்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் நேர்ப்பேச்சுகளையும் சேர்த்துவைத்துக்கொண்டு எழுதினார். அவர் சேர்த்த காகிதங்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் தனித் தொகுப்பாக இருக்கின்றன. அவருக்குத் தகவல் தந்தவர்கள் அதிகாரிகள். தோற்றுத் திரும்பிய ஒரு சண்டைக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய அதிகாரிகள். மறுத்துப் பேச வழியில்லாதவன் மேல் பழி இறங்குவது எந்தப் படையிலும் நடக்கும். ஒரு டிரம் பையனால் லண்டனுக்குக் கடிதம் எழுத முடியாது.

முரசு எவ்வளவு முக்கியமான வேலை என்பது தெரிந்தால்தான் இந்தப் பழியின் கனமும் தெரியும். அன்றைய காலாட்படைக்கு டிரம்தான் கட்டளை. எழுந்திரு, அணிசேர், புறப்படு, சுடு, நிறுத்து, பின்வாங்கு, கூடாரத்துக்குத் திரும்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடி உண்டு. பேச்சுவார்த்தைக்கு வருகிறோம் என்று எதிரிக்குச் சொல்லவும் ஓர் அடி. துப்பாக்கிப் புகையில் எதிரே இருப்பவன் தெரியாத தெருவில், அதிகாரியின் தொண்டை போய்ச் சேராத இடத்துக்கெல்லாம் அந்த ஒலி போய்ச் சேரும். பிரிட்டிஷ் அரசரின் படையில் சாதாரணச் சிப்பாய்க்கு நாளைக்கு எட்டுப் பென்னி என்றால், டிரம்மருக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. உடுப்பிலும் வேறுபாடு. சிப்பாயின் சட்டைக்கு எது கரை நிறமோ அது டிரம்மரின் முழுச் சட்டைக்கும் நிறம், புகைக்குள்ளும் அவனைக் கண்டுபிடிக்க வசதியாக. எதிரிக்கும் அதே வசதிதான். குற்றம் செய்த சிப்பாயைக் கட்டிவைத்து ஒன்பது வார்ச் சவுக்கால் அடிக்கும் வேலையும் டிரம்மர்களுடையதே. ஒரு பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் இதையெல்லாம் கற்றுக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு சந்தேகம் எழுகிறது. டிரேப்பரின் ரெஜிமெண்ட் இங்கிலாந்தில் 1757-ல் திரட்டப்பட்டது. தன் டிரம்மர்களோடு வந்திருக்க வேண்டிய படை. ஆனால் ஓர்ம் எல்லோரும் கறுப்புப் பையன்கள் என்கிறார். அப்படியானால் ஒன்று, அன்று முரசடிக்கப் போனவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தப் படையைச் சேர்ந்தவர்கள். அல்லது சில மாதங்களுக்குள் அரசரின் ரெஜிமெண்டும் இந்த ஊர்ப் பையன்களை டிரம்முக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எதுவாக இருந்தாலும் தேட வேண்டிய இடம் சென்னைதான், இங்கிலாந்து இல்லை.

கோட்டைக்குள் இருந்த படையின் கணக்கையும் ஓர்மே தருகிறார். அதிகாரிகளையும் பீரங்கிக்காரர்களையும் சேர்த்து ஐரோப்பியப் படை 1,758 பேர். முற்றுகை நடந்த ஆண்டும் இந்த எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல். இந்த எண்ணிக்கைக்குள்ளேயே 64 டோப்பாசிகளும் 89 காப்பிரிகளும் அடக்கம். இவர்களுக்கு அப்பால் 2,220 இந்தியச் சிப்பாய்கள், நவாபின் குதிரைக்காரர்கள். சிப்பாய்க் கம்பெனிகளுக்கு வேறு வாத்தியங்கள் இருந்தன. தமுக்கடிப்பவரும் கொம்பூதுபவரும் அந்தக் கம்பெனிகளோடு போனதை வில்சன் 1882 முதல் வெளியிட்ட சென்னைப் படை வரலாற்றிலிருந்து அறியலாம். ஆக, ஐரோப்பிய அணியோடு டிரம் சுமந்து போன பையன்களைத் தேடினால் தேடல் இரண்டு வாசல்களில் போய் நிற்கிறது. ஒன்று காப்பிரிகள், இன்னொன்று டோப்பாசிகள்.

காப்பிரிகள் ஆப்பிரிக்கர்கள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் அடிமைகளாக வாங்கிக் கொண்டுவரப்பட்டவர்கள். பிரெஞ்சுக்காரரும் இதையே செய்தார்கள். 1746-ல் லபூர்தொனே சென்னையைப் பிடித்தபோது அவருடைய படையில் பூர்போன், மொரீஷியஸ் தீவுகளிலிருந்து வந்த ஆப்பிரிக்கர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். கடல் கடந்து வந்தவர்கள் என்ற கணக்கில் அன்றைய சென்னைக் கோட்டை முழுவதுமே வெளியூர்க்காரர்களால் ஆனது. சுவிஸ், ஜெர்மன், ஐரிஷ், ஆர்மீனியர், போர்த்துகீசியர். ஆனால் வர மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாமல் வந்தவர்கள் காப்பிரிகள் மட்டுமே. அவர்களுடைய பிள்ளைகள் கோட்டையிலேயே வளர்ந்தார்கள்.

கறுப்பின இளைஞர்களை டிரம்மர்களாக்கும் வழக்கம் பிரிட்டிஷ் படைக்குள் வேறு வழியாகவும் நுழைந்தது. அந்த வழியிலும் மயிலாப்பூருக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. 1749-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்ட ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் போஸ்காவென். அதே ஆண்டு அக்டோபரில் சாந்தோமையும் ஆங்கிலேயர் கைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பத்து ஆண்டு கழித்து, 1759-ல், கரீபியத் தீவான குவாதலூப் வீழ்ந்தபோது கிடைத்த கறுப்பின இளைஞர்கள் சிலரைத் தன் தம்பி நடத்திய 29-ஆம் ரெஜிமெண்டுக்கு டிரம்மர்களாகப் பரிசளித்தார் என்று அந்த ரெஜிமெண்டின் வரலாறு சொல்கிறது. 1843 வரை அந்த ரெஜிமெண்ட் கறுப்பின டிரம்மர்களை வைத்திருந்தது. அங்கே அது ஆடம்பரம், அணிவகுப்புக்கு அழகு. அவர்களின் பெயர்களும் பலவாகக் கிடைக்கின்றன. சென்னைப் பையன்கள் அதற்கு முந்தியவர்கள். அவர்களைப் பற்றிக் கிடைப்பது ஒரு பழிச்சொல் மட்டும்.

இரண்டாவது வாசல் சாந்தோம். இதை எழுதும்போது என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. காரணம் சொல்கிறேன். போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மயிலாப்பூர்க் கரையில் குடியேறிவிட்டார்கள். லஸ் தேவாலயத்தின் கல்வெட்டு 1516 என்று சொல்கிறது. அவர்களுக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் பிறந்த சந்ததியினர்தான் டோப்பாசிகள். 1640-ல் கோட்டை கட்டத் தொடங்கியபோதே சாந்தோமிலிருந்து இந்தக் குடும்பங்கள் வடக்கே நகர்ந்தன. கோட்டையின் தொடக்ககாலப் படையில் கணிசமானவர்கள் இவர்கள்தான். வீட்டில் போர்த்துகீசியமும் தமிழும், கோயிலில் லத்தீன், கோட்டைவாசலில் ஆங்கிலம். தகப்பன் சிப்பாயாக இருந்தால் மகன் டிரம்மோடு தொடங்குவது அன்றைய படைகளில் இருந்த நடைமுறை.

1746-ல் அடையாறு முகத்துவாரத்தில் நவாப் அன்வருதீனின் மகன் மாஃபூஸ் கானின் பெரும்படையைப் பாரடி என்ற சுவிஸ் பொறியாளர் ஒரு சிறிய பிரெஞ்சுப் படையை வைத்து முறியடித்தாரே, அந்தப் போர் நடந்தது சாந்தோம் குடும்பங்களின் வாசலில். குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தக் களத்தின் மேல்தான் நடக்கிறார்கள். ஐரோப்பிய அணிவகுப்பும் டிரம் ஒலிக்கு அடிவைத்து நடப்பதும் எவ்வளவு பெரிய எண்ணிக்கையையும் உடைக்கும் என்று தென்னிந்தியா கண்டுகொண்ட நாள் அது. அன்று ஐந்தாறு வயதாக இருந்த ஒரு சாந்தோம் பிள்ளை 1758-ல் டிரம் அடிக்கும் வயதைத் தாண்டிக்கொண்டிருப்பான். அவனுடைய தம்பி சரியான வயதில் இருப்பான்.

இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தச் சமூகத்துக்கு நடந்ததும் சின்ன விஷயமில்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தில், கோட்டை திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர் கத்தோலிக்கர்மேல் பாய்ந்தார்கள். கோட்டைக்குள் கப்புச்சின் துறவிகள் நடத்திவந்த புனித அந்திரேயா கோயிலைப் பறித்துக்கொண்டார்கள். பின்னர் அது இடிக்கப்பட்டது. வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் கட்டிய கோயில் 1752-ல் புராட்டஸ்டண்ட் மிஷனுக்குக் கொடுக்கப்பட்டது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726-ல் பாலம் கட்டிக்கொடுத்த அதே உஸ்கான். கோயில் கைமாறியதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார். தன் கோயிலை இழந்து, விசுவாசத்தில் சந்தேகிக்கப்பட்டு, அப்படியும் கம்பெனிக் கூலிக்கு நின்ற குடும்பங்கள் இவை. முற்றுகை வந்தபோது அவர்கள் பிள்ளைகளின் கையில் இருந்த டிரம், அவர்களைச் சந்தேகித்தவர்களுக்காக ஒலித்தது.

பெயர்களைத் தேடிப் புனித மேரி தேவாலயத்துக்குப் போவது எல்லோருக்கும் முதலில் தோன்றும். 1680-லிருந்து திருமணமும் ஞானஸ்நானமும் அங்கே பதிவானவை. எலிஹூ யேல், ராபர்ட் கிளைவ் இருவரின் திருமணங்களும் அந்தப் பதிவேட்டில் உண்டு. அந்தப் பதிவுகளின் பிரதிகள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. அதனால்தான் இன்று இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தன் முப்பாட்டன் சென்னையில் பிறந்த நாளைக் கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் அது ஆங்கிலிக்கக் கோயில். சாந்தோம் பிள்ளைக்குத் தண்ணீர் தெளித்தது கத்தோலிக்கக் குருவானவர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்தோலிக்கப் பதிவுகள் அந்த ஆண்டுப் பிரதிகளில் சேரவில்லை.

புனித மேரியைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தோடு போர்த்துகீசியமும் ஆர்மீனிய எழுத்தும் லத்தீனும் அவற்றில் உண்டு. அவை அங்கேயே புதைக்கப்பட்டவர்களுக்காக நட்டவை இல்லை. கறுப்பர் நகரத்தின் பழைய இடுகாட்டில் இருந்தவை. 1758 முற்றுகையில் அந்தச் சமாதிகளின் மறைவில் இருந்து பிரெஞ்சுக்காரர் கோட்டையைச் சுட்டதால், போர் முடிந்ததும் சமாதிகளை இடித்துக் கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். டிரேப்பரின் சண்டை நடந்த தெருக்களும் அதேபோல் தரைமட்டமாயின. இறந்தவர்களின் பெயர்க்கல்லாவது மிஞ்சியது பணம் இருந்த குடும்பங்களுக்கு. டிரம் பையனுக்கு யார் கல் வெட்டுவார்கள்?

வேப்பேரிப் பதிவுகள் இன்னொரு திசையைத் திறக்கின்றன. அங்கே ஃபப்ரீசியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் தமிழ்ச் சபை ஒன்றையும் போர்த்துகீசியச் சபை ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் நடத்திவந்தார். தமிழ் அகராதிக்காக நாம் நன்றியோடு நினைக்கும் அதே ஃபப்ரீசியஸ்தான். போர்த்துகீசியச் சபைக்கு வந்தவர்களில் கோட்டைச் சிப்பாய்களின் குடும்பங்கள் இருந்தன. டிசம்பர் 1758-ல் படைகள் வேப்பேரியில் புகுந்து மிஷன் வீட்டைக் கொள்ளையிட்டன. அவர் பழவேற்காட்டுக்குப் போய் ஒதுங்கினார். புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் சிதறின. எஞ்சியது அவரும் உடன் ஊழியர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு எழுதி அனுப்பிய அறிக்கைகள். அவை அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. சென்னை ஏழைக் கிறிஸ்தவர்களைப் பெயர் சொல்லி எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டுக் காகிதங்கள் ஹாலேயில் கிடைக்கும் அளவுக்கு வேறெங்கும் இல்லை. இந்தத் தேடலைத் தொடர விரும்பும் இளம் ஆய்வாளருக்கு நான் முதலில் காட்டும் திசை அதுதான்.

தமிழில் ஒரு சாட்சி உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை. முற்றுகைக் காலத்தில் அவர் புதுச்சேரியில் இருந்தார். எந்த விருந்துக்கு எத்தனை பீரங்கி முழங்கியது, யார் வந்தபோது என்ன வாத்தியம் வாசித்தார்கள் என்று மரியாதையின் ஒலிகளை அவரைப் போல் எண்ணி எழுதியவர் இல்லை. ஆனால் அவருடைய நாட்குறிப்பிலும் ஒலி எழுப்பியவனுக்கு இடமில்லை, யாருக்காக எழுப்பினான் என்பதற்கே இடம். ஆங்கிலேயன் ஆனாலும் தமிழன் ஆனாலும் அந்த நூற்றாண்டின் எழுதுகோல் மேலே பார்த்தே எழுதியது.

முற்றுகை 1759 பிப்ரவரியில் முடிந்தது. பிப்ரவரி 9 அன்று செயின்ட் தாமஸ் மவுண்டில் நடந்த கடும் சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்களில் கான் சாகிப் என்று நாம் அறியும் முகமது யூசுப் கானும் ஒருவர். 16-ஆம் தேதி கப்பல்கள் தெரிந்தன. மறுநாள் லாலி கிளம்பிவிட்டார். மூன்று ஆண்டு கழித்து அதே டிரேப்பர் சென்னையிலிருந்து மணிலா மேல் படையெடுத்தபோது சிப்பாய்களோடு டோப்பாசிகளையும் காப்பிரிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் போனார். அந்தப் படையிலிருந்து பிரிந்து அங்கேயே தங்கிவிட்ட சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் மணிலாவை அடுத்த காயிந்தாவில் இன்றும் அறியப்படுகிறார்கள். கறுப்பர் நகரத்தில் தன்னைக் கைவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த வகை ஆட்களை, பசிபிக் கரை வரைக்கும் டிரேப்பர் நம்பிக் கூட்டிப்போயிருக்கிறார். ஓர்மின் பழிக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிந்தைய தலைமுறையில்தான் டிரம் ஒரு சட்டமாக மாறுகிறது. 1789-ல் எழும்பூர்க் கொத்தளத்தில் ஆண் அனாதைகள் இல்லம் தொடங்கியது. இன்றைய எழும்பூர் ரயில் நிலையத்தின் பக்கம் அந்தக் கொத்தளம். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, மணலில் விரலால் எழுதவைத்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே நடத்தினார். 1797-ல் அதைப் புத்தகமாக்கினார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளை மாற்றியது. இந்தப் பிள்ளைகளில் வில்லியம் ஸ்மித் என்ற பதினேழு வயது மாணவன் 1794-ல் திப்பு சுல்தானின் முன்னிலையில் அறிவியல் சோதனைகள் செய்து காட்டினான். அவ்வளவு திறமை அங்கே இருந்தது. ஆனால் 1791-ல் கம்பெனி ஓர் ஆணை போட்டது. கலப்புப் பிறப்பினர் அதன் குடிமைப் பணியிலோ படையிலோ கடற்பணியிலோ பதவி பெறக்கூடாது. 1795-ல் இன்னொன்று. தாய் தகப்பன் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்களுக்குப் படையில் இடமில்லை, நான்கு வேலைகள் தவிர. புல்லாங்குழல் ஊதலாம், டிரம் அடிக்கலாம், பேண்டு வாசிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம்.

1758-ல் வழக்கமாக இருந்தது 1795-ல் வேலியானது. தாய் தமிழச்சி என்ற ஒரே காரணத்துக்காக, திப்புவின் முன் நின்று பேசிய பையனின் வகுப்புத் தோழர்களுக்குக் கம்பெனிப் படையில் கிடைத்த உச்சபட்ச உத்தியோகம் டிரம். எழும்பூர் இல்லத்திலிருந்து பிள்ளைகள் டிரம்மர்களாகவும் ஊதுபவர்களாகவும் ரெஜிமெண்டுகளுக்குப் போனார்கள். சென்னைப் படையின் இந்தியக் காலாட்படை ரெஜிமெண்டுகளிலும் டிரம்மர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெயர்களோடு இருந்தார்கள். மைசூர், பர்மா, சீனா என்று எங்கெல்லாம் சென்னைப் படை போனதோ அங்கெல்லாம் இவர்களும் போனார்கள்.

என் தீர்ப்பு இது. 1758 டிசம்பர் 14 சண்டை பீரங்கித் தெருவில் தோற்றது, முரசடிக்கும் பையன்களால் தோற்கவில்லை. கூப்பிட்ட தளபதியின் பின்னால் நான்கு பேர்தான் வந்தார்கள் என்று எழுதிய அதே கை, குழந்தைகளின் பயத்தையும் குற்றப்பட்டியலில் சேர்த்தது. அந்தக் குழந்தைகள் சாந்தோமின் டோப்பாசிக் குடும்பங்களிலிருந்தோ கோட்டைக் காப்பிரிகளின் குடும்பங்களிலிருந்தோ வந்தவர்கள் என்ற பக்கமே சான்றுகள் சாய்கின்றன. இனி இந்த முற்றுகையைப் பாடமாக எழுதுகிறவர்கள் ஓர்மின் அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுத வேண்டாம்.

சாந்தோம், லஸ், வேப்பேரி, பரங்கிமலை, ஆர்மீனியன் தெரு ஆகிய இடங்களின் பங்குப் பதிவேடுகளைப் பாதுகாக்கும் குருமார்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கரையான் அரித்ததும் ஈரம் பட்டதும் எதுவாக இருந்தாலும் அந்த ஏடுகளை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து ஒரு பிரதியை ஆவணக் காப்பகத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ வையுங்கள். தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ ரெஜிமெண்டில் டிரம்மராகவோ பேண்டுக்காரராகவோ இருந்தார் என்று வீட்டில் பேச்சு இருந்தால், பெட்டியடியில் கிடக்கும் பென்ஷன் காகிதத்தையும் ஞானஸ்நானச் சீட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் ஊரையும் ஆண்டையும் ரெஜிமெண்ட் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.